அடங்காத அரிப்பு

என் உடம்பு என்னை ஏமாற்றியதையும், கர்த்தர் என்னை ஏமாற்றாததையும் சபையார் முன்பாகச் சொல்லுகிறேன்.

மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி தயாரிக்கும் மில்லில் கூலியாக நுழைந்து மேஸ்திரி ஆனவன் நான். பழுத்த இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவேன். அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

போன வருடம் லெந்து உபவாச நாட்களில் உடம்பெல்லாம் அரித்தது. இரும்புத் தூசி என்றேன். சிறுநீர் பால் ஊற்றாத கட்டன் டீ மாதிரி போனது. உலைச்சூடு என்று இளநீர் குடித்தேன். ஆள் பாதியாக இளைத்தேன். உபவாசம் என்று பெருமையடித்தேன். வலியே இல்லை. எதிரி சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்தான்.

"ஆண்டவரே, இந்த அரிப்பை மட்டும் எடுத்துப்போடும்" என்று முழங்காலில் நின்று கதறினேன். அது அதிகமானதுதான் மிச்சம். சொறிந்து சொறிந்து வேட்டியெல்லாம் ரத்தம். கர்த்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நினைத்தேன்.

ஒரு காலை என் மனைவி எஸ்தர் என் கண் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"இன்னாயா இது, கண்ணு மஞ்சளா கீது!"

"காமாலைதான். வேர் அரைச்சிக் குடிச்சா பூடும். எனக்குத் தெரியாத நிறமா?"

"ஆமா, இரும்ப மட்டும் நல்லா பாரு. சொறிஞ்சிக்கினே சாவப் போறியா? கெளம்பு."

அரிப்பு தாங்காமல்தான் கிளம்பினேன். திருவள்ளூரில் ஸ்கேன் எடுத்துவிட்டு, யாரும் என் முகத்தைப் பார்க்காமல் சென்னைக்கு அனுப்பினார்கள்.

"பித்தக் குழாய்ல புத்துநோய்க் கட்டி, பெரியவரே. பித்தம் குடலுக்குப் போக வழியில்லாம ரத்தத்துல கலக்குது. அரிப்பு அதனாலதான். அது இல்லன்னா நீங்க வந்திருக்கவே மாட்டீங்க. இன்னும் பரவியிருந்தா ஆபரேஷனுக்கே வழியில்ல" என்றார் டாக்டர்.

நான் எடுத்துப்போடச் சொன்னதைத்தான் கர்த்தர் எனக்குக் காவலாக வைத்திருந்தார்!

முதலில் வாய்வழியாக உள்ளே குழாய் வைத்துப் பித்தத்தை வடியவிட்டார்கள். சில நாட்களில் அரிப்பு அடங்கியது. அன்றைக்குத்தான் நன்றியோடு அழுதேன். பிறகு ஈரலில் ஒரு பகுதியோடு கட்டியை வெட்டி எடுத்தார்கள். பல மாதங்கள் மாத்திரை சாப்பிட்டேன்.

கட்டி திரும்பி வரலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். நிறம் பார்ப்பதில் இப்போது எஸ்தர்தான் மேஸ்திரி. தினமும் காலையில் அவளிடம் கண்ணைக் காட்டுவேன். "வெள்ளையாத்தான் கீது, போய் டீ குடி" என்பாள். அந்த வார்த்தை வரும்வரை மூச்சுவிட மாட்டேன்.

பிரியமானவர்களே, கண் மஞ்சளானால் வேரைத் தேடி ஓடாதீர்கள். ஜெபியுங்கள், எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கேட்டது கிடைக்கவில்லையென்றாலும் அவரை நம்புங்கள். நாளைக் காலையிலும் கண்ணைக் காட்டுவேன். எந்த நிறமானாலும் அவருக்கே ஸ்தோத்திரம்.