முதலில் என் தொண்டையைப் பார்

நாற்காலியில் ஏறி உட்காரும் குழந்தையின் கையில் டார்ச்சைக் கொடுத்துவிட்டு, ஜெரால்டின் தன் வாயைத்தான் முதலில் திறக்கிறாள். அகலத் திறந்து, நாக்கை நீட்டி, "ஆ" என்கிறாள். தொண்டை வலி என்று அழுதுகொண்டு வந்த குழந்தை, வந்த காரியத்தை மறந்து உள்ளே எட்டிப் பார்க்கிறது. "முதல்ல என்னுது, அப்புறம் உன்னுது. பேச்சு மாறக் கூடாது" என்பது அவள் நிபந்தனை. பேச்சு மாறிய குழந்தை எங்கள் தீவில் இதுவரை இல்லை.

அவளும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் 'அவர்' போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. நான் படகுத்துறையில் வண்டிகளை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனேன். அவள் நர்ஸாகப் படித்துத் திரும்பி வந்தாள். டாக்டர் இருப்பது அக்கரையில். இக்கரையில் எல்லாமே அவள்தான்.

அவள் தொண்டை ஊர்ப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. வலப்பக்கக் கடைவாயில் தங்கப் பல். சிறு வயதிலேயே டான்சிலை எடுத்துவிட்டதால் உள்ளே இரண்டு பக்கமும் வெறுமை. "ஜெரி அத்தை, இங்க இருக்க வேண்டிய உருண்டை ரெண்டையும் காணோமே, முழுங்கிட்டீங்களா?" என்று ஒரு வாண்டு விசாரித்தது. இன்னொன்று, அத்தையின் நாக்கடியில் புளூபெர்ரித் தோல் ஒட்டியிருந்ததைத் தேவாலய வாசலில் நின்று ஊருக்கே அறிவித்தது. அவள் கோபப்படவில்லை. "நல்லாப் பாத்திருக்கான். நாளைக்கு என் வேலைக்கு வந்துடுவான்" என்றாள்.

ஜூன் மாதம் வடக்கிலிருந்து மிதந்து வரும் பனிப்பாறைகள் எங்கள் வளைகுடாவில் ஒதுங்கும்போது, நண்டு பிடிக்கும் லியாண்டரின் படகில் ஏறிப் போய், மிதக்கும் துண்டுகளை வலையில் அள்ளி வருவாள். அவள் கிளினிக் ஃப்ரீசரில் பாதி இடம் அந்தப் பனிக்கட்டிக்குத்தான். உடைத்த சில்லை உறிஞ்சும் குழந்தைக்குத் தொண்டை எரிச்சல் தணிகிறது. அதற்காகவே தொண்டை வலி வரவழைத்துக்கொள்ளும் கள்ளர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒரு சில் கிடைக்கும். இருமலுக்குத் தேனும் தருவாள்; அதை மட்டும் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தொட்டுக்கூட வைக்கக் கூடாது என்பாள்.

மருந்து கேட்டு வரும் பெற்றோரிடம்தான் அவள் கறாரெல்லாம். "முக்காவாசி தொண்டை வலி விருந்தாளி மாதிரி. வரும், ரெண்டு மூணு நாள் படுத்தும், தானா போயிடும். சிலது திருடன். அவனைப் பிடிக்கத்தான் இந்தப் பஞ்சுக்குச்சி." திருடன் என்று சோதனையில் தெரிந்துவிட்டால், கொடுத்த மருந்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாக வேண்டும். தேநீருக்குக் கூப்பிட்ட வீட்டிலும் முதலில் ஃப்ரிட்ஜைத்தான் திறப்பாள். மிச்சம் வைத்த மருந்துப் புட்டி கண்ணில் பட்டால் அன்று அந்த வீட்டில் தேநீர் ஆறிப்போகும்.

போன நவம்பரில் நான் ரத்த அழுத்தம் பார்க்கப் போயிருந்தேன். கையில் பட்டையைச் சுற்றி அவள் காற்றடிக்கப் போகும்போது, லியாண்டர் தன் மகள் மேவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தான். பதினோரு வயது. பிடிவாதத்தில் தீவுக்கே பெயர்போனவள். பல் டாக்டர் அக்கரையிலிருந்து வந்த அன்று வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, அவரை அடுத்த படகிலேயே திருப்பி அனுப்பியவள்.

"காலையிலேர்ந்து தொண்டையைக் காட்டுடின்னு கெஞ்சுறேன், அசைய மாட்டேங்குறா" என்றான் லியாண்டர். "தம்பிக்குக் குடுத்ததுல மிஞ்சின மருந்து இருந்துச்சு. அதையும் ஊத்திப் பாத்தாச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தேநீர் ஆறும் பேச்சு அது. ஆனால் ஜெரால்டின் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டார்ச்சை மேவ் கையில் கொடுத்துவிட்டு, எப்போதும்போல் வாயைத் திறந்தாள்.

மேவ் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தபடியே டார்ச் அடித்து உற்றுப் பார்த்தாள். டார்ச்சைத் திருப்பிக் கொடுத்தாள். பேச்சு மாறாதவள் என்பதால் தன் தாடையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பல்வரிசைக்கு நடுவே ஒரு விரல் நுழையும் அளவுகூட வழி வரவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. எச்சிலை முழுங்க முடியாமல் சட்டைக் கையில் துடைத்தாள். அந்தக் கை ஏற்கனவே முழங்கைவரை நனைந்திருந்தது.

"பாத்தியா, நடிப்பு" என்றான் லியாண்டர்.

"சும்மா இரு" என்றாள் ஜெரால்டின். "தொறக்க மாட்டேன்னு எங்க சொன்னா? புள்ளையால முடியல."

நாக்கை அமுக்கிப் பார்க்க எடுத்த குச்சியை அப்படியே கீழே வைத்தாள். பஞ்சையும் தொடவில்லை, பனிக்கட்டியும் கொடுக்கவில்லை. எந்தப் பக்கம் வலி என்று மட்டும் கேட்டாள். மேவின் பதில், வாயில் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் வந்தது. டான்சில் பக்கத்தில் சீழ் கட்டியிருக்கிறது, வீக்கம் மூச்சை அடைக்கலாம் என்று அக்கரை டாக்டரிடம் போனில் சொன்னாள். உடனே அனுப்பச் சொன்னார் அவர். காற்று வேறு ஏறிக்கொண்டிருந்தது. அன்றைய கடைசிப் படகு துறையில் எஞ்சினை உறுமிக்கொண்டு நின்றது.

ஜெரால்டின் என்னைப் பார்த்தாள். "இவ ஏறாம அது கிளம்பக் கூடாது."

கையில் சுற்றிய பட்டையோடேயே ஓடினேன். பின்னால் குழாய் ஆடியது. படகுத் தளத்துப் பையன்கள் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். படகு நின்றது. படுக்க விடாமல் மேவை நிமிர்த்தி உட்காரவைத்து, முன்னும் பின்னும் ஆடிய அந்தக் கடல் முழுவதும் அவள் தாடையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு போனாளாம் ஜெரால்டின்; அதையும் அந்தப் பையன்கள்தான் சொன்னார்கள். எதிரில் லியாண்டர் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தானாம். மருந்தைப் பற்றி அவள் அப்போதும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அது அவனுக்குத் திட்டைவிட அதிகமாக உறைத்திருக்கும்.

அக்கரை ஆஸ்பத்திரியில் அன்றே கீறிச் சீழை எடுத்தார்கள். பிள்ளை பிழைத்தாள். செய்தி வந்தபோது தேவாலய மணியை அடித்துவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

அடுத்த வாரம் மேவ் திரும்பினாள். ஜெரால்டின் துறைக்கு வந்திருந்தாள். சாய்வுப் பலகையை நான் இறக்கியதும் வண்டிகளுக்கு முன்னால் நடந்து வந்த மேவ், நட்டநடுவில் நின்றாள். யாரும் கேட்கவில்லை. தலையை அண்ணாந்து, கடைவாய்ப் பல் தெரிய வாயைத் திறந்தாள்.

"குடுக்க வேண்டியது பாக்கி இருந்துச்சே அத்தை" என்றுவிட்டு மறுபடியும் திறந்தாள்.

ஜெரால்டின் சட்டைப் பையைத் தடவினாள். டார்ச் இல்லை. அதற்குள் பின்னால் நின்ற வண்டியில் லியாண்டர் முகப்பு விளக்குகளைப் போட்டான்.

வண்டிகளை நிறுத்துவது என் வேலை. ஆனால் ஜெரால்டின் அந்த வெளிச்சத்தில், ஈரப் பலகையில் முழந்தாளிட்டு, உள்ளே பார்த்த கண்ணை எடுக்காமலே, ஒரு கையை மட்டும் உயர்த்தி மொத்த வரிசையையும் நிறுத்தினாள். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.