பொன்னுமணி ஓட்டும் கப்பல்

“பொகைய வீணா வெளிய விட மாட்டாக அத்தே. அதுக்கும் ஒரு சோலி குடுத்திருக்காக.”

கீரை விற்க வந்த மருதாயி கேட்டதென்னவோ, ஒரு கட்டா இரண்டு கட்டா என்றுதான். என் மகள் பொன்னுமணி கப்பல் எஞ்சினை ஆரம்பித்துவிட்டாள்.

மதுரைக்கு அப்பால் அவள் போனதில்லை. கடலைப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை ராஜாராம் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை. அவர் கடிதத்தில் பாதி டர்போதான். எஞ்சின் விடும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுமாம். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம், வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் அமுக்குமாம். காற்று கூடினால் எண்ணெய் கூடுதலாக எரியும், கப்பலுக்கு வேகம் வரும். இதைச் சொல்ல அவளுக்கு இரண்டு கையும் வேண்டும். பேரனை என் மடியில் போட்டுவிடுவாள். எத்தனை தரம் சொன்னாலும் எனக்குச் சம்மதமே.

இருபது வருஷமாகப் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறேன். எனக்கும் பாடம் உண்டு.

“உங்க ஜீப்புப் பொகை ரோட்டுல போறவுக மூஞ்சிக்குத்தானப்பு லாயக்கு.”

சக்கரத்தில் கரி படிந்தால், ஓடும்போதே அரிசியை உள்ளே விட்டு அடித்து எடுப்பார்களாம். அதைக் கேட்டதிலிருந்து என் சம்சாரம் கருத்தம்மாளுக்கு அந்தக் கப்பலையே பிடிக்கவில்லை.

போன வாரம் ஏடனிலிருந்து கடிதம் வந்தது. டர்போவில் பேரிங் போய்விட்டது. சக்கரத்தைச் சுற்றவிடாமல் பூட்டிவிட்டு மெல்ல வருகிறோம். கொச்சி சேர ஒரு வாரம் பிந்தும் என்று எழுதியிருந்தார். இங்கே பிள்ளையைத் தொட்டிலில் போட நாள் குறித்தாயிற்று. தகப்பன் இல்லாவிட்டால் என்ன, தாய்மாமன் இருக்கிறானே என்றார்கள் சொந்தக்காரர்கள். காற்றுப் பத்தாமல் ஒரு எஞ்சினே திணறி வரும்போது நாம் கொஞ்சம் பொறுக்கக் கூடாதா என்று பொன்னுமணி மல்லுக்கு நின்று, அடுத்த வெள்ளிக்குத் தள்ளிவைத்தாள்.

“அதுக்குள்ள பிள்ளை தானே நடந்துபோயித் தொட்டில்ல ஏறிரும்டி” என்றாள் மருதாயி.

பொன்னுமணியும் சிரித்தாள். ஆனால் தினமும் நான் வண்டியை நிறுத்தியதும், கொச்சிப் பக்கமிருந்து மெட்டுக்கு வரும் மூணாறு பஸ்சில் யாரும் வந்து இறங்கினார்களா என்று கேட்பாள். இன்னொரு வெள்ளி கிடையாது என்று பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

நாளைக்கு வெள்ளி. இன்று காலையில் தந்தி வந்தது. மாப்பிள்ளை கொச்சியில் இறங்கிவிட்டாராம், சாயங்காலம் மெட்டில் இருப்பாராம். வண்டிச் சாவியை எடுத்தேன். பொன்னுமணி பின்னாலேயே வந்து ஜீப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பு, வர்ற வழியில டர்போவப் பத்தி ஒண்ணும் கேட்றாதீக. பேச ஆரம்பிச்சா அவுக நிறுத்த மாட்டாக. மொதல்ல வந்து பிள்ளையப் பாக்கட்டும்.”