கட்டிலில் இரண்டு தட்டு

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைத்துண்டில் சுற்றி, கதவோரம் இருக்கும் காலியான மிளகாய் விழுது டப்பாவில் வைத்து மூடிவிட்டுத்தான் போக்ஹீ குளியல் கூடத்துக்குள் கால் வைப்பாள். உள்ளே போட்டுக்கொண்டு போனால் ஆவி படிந்து, இருக்கிற பார்வையும் போய்விடும். கதவிலிருந்து வெந்நீர்த் தொட்டி ஒன்பது அடி. அங்கே இடது பக்கம் திரும்பினால் அவள் ஆட்களைப் படுக்கவைத்துத் தேய்க்கிற கட்டில் ஆறு அடி. கறுப்பு உள்ளாடையோடு, வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்து சேருவாள்.

கொரியாவின் பூசான் நகரில், துறைமுகத் தெருவில் உள்ள பெண்கள் பொதுக் குளியலகத்தில் இருபத்திரண்டு வருடமாக, வருகிறவர்களுக்கு அழுக்குத் தேய்த்துவிடுகிறாள். வயது நாற்பத்தேழு. பார்வை மைனஸ் ஒன்பதரை. ஒரு சாண் தூரத்துக்குள் என்றால் ஊசியில் நூல் கோப்பாள். அதைத் தாண்டினால் ஆளின் முகம் அவித்த முட்டை. கண், மூக்கு, வாய் ஒன்றும் இராது. அம்மணமாகப் படுக்கிறவர்களுக்கு இது வசதியாகத்தான் இருந்தது.

“எனக்கு உங்க தலை எது, கால் எதுன்னே தெரியாதும்மா. பேசற பக்கம் தலைன்னு வெச்சுக்குவேன்” என்பாள். “பேசாதவங்களுக்கு உள்ளங்காலைக் கிச்சுகிச்சு மூட்டிப் பாத்துக்குவேன்.”

கையில் பச்சை நிற முரட்டுத் துணியை மாட்டிக்கொண்டால் பிடரியில் தொடங்கிக் குதிகாலில்தான் நிறுத்துவாள். நடுவே தாவ மாட்டாள். ஒரு பக்கம் முடிந்ததும் முதுகில் பளார் பளார் என்று இரண்டு தட்டு. புரண்டு படு என்று அர்த்தம். அந்தச் சத்தம் வெளியே செருப்பு விடுகிற இடம் வரை கேட்கும்.

புதன்கிழமை நண்பகலில், கூடத்தில் ஆள் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து இன்சில் வருவாள். அரிசிப் பணியாரக் கடைக்காரர் மனைவி. பண்டிகை தவறாமல் குளியலகத்துக்கு இலவசமாகத் தட்டு நிறையப் பணியாரம் அனுப்புகிற மனிதர் அவர், ஊருக்கு உபகாரி. ஏழு வருடத்துக்கு முன்பு, முதல் நாள், துண்டால் உடம்பைப் போர்த்திக்கொண்டு நின்றபடியே இன்சில் கேட்டாள்: “அக்கா, நெஜமாவே உங்களுக்குக் கண்ணு தெரியாதா?” தெரியாது என்றதும்தான் துண்டு கீழே இறங்கியது.

போன சித்திரை வாக்கில் ஒரு புதன்கிழமை, கட்டிலிலிருந்து வடிந்த தண்ணீர் சிவப்பாக ஓடியது. தொட்டியில் கிடந்த ஒருத்தி, “குருடி தோலை உரிச்சுட்டா!” என்று அலறினாள். இன்சில் மட்டும் முனகக்கூட இல்லை. போக்ஹீ விரலால் தடவினாள். துணி தேய்த்த காயம் பரவலாக இருக்கும். இது தோள்பட்டைக்குக் கீழே நேர்கோடு. ஆறிக்கொண்டிருந்த பொருக்கு பெயர்ந்திருந்தது. தன் தவறுதான் என்று இடுப்பை வளைத்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

முதலாளியம்மா விடவில்லை. “இந்த ஊர்ல பரீட்சை முடிஞ்சதும் சின்னப் பொண்ணுங்ககூட லேசர் பண்ணிட்டு வருது. நீ மட்டும் எதுக்குடி இந்த சோடாபுட்டியைக் கட்டிட்டு அழற? கண்ணைச் சரி பண்ணிட்டு வா. இல்லன்னா கட்டிலை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்.”

மருத்துவர் கருவிழியின் தடிமனை அளந்து, லேசருக்கு மட்டுமட்டாகப் போதும் என்றார். ஒரு மாதம் ஆவிப் பக்கமே போகக் கூடாது. தூரம் தெரியும், ஆனால் இந்த வயதில் கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். “இவ்வளவு நாள் ஏன் வரலை?” என்று அவர் கேட்டதற்கு, “பாக்கறதுக்கு என்ன இருக்கு டாக்டர்?” என்று சிரித்து மழுப்பினாள்.

குறித்த தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டாள். முதலில் சளி என்றாள், பிறகு மாமனார் திதி என்றாள். இரண்டும் பொய். கண் தெரிந்துவிட்டால் இன்சில் வர மாட்டாள் என்பதுதான் நிஜம். மூன்றாவது தேதி வியாழக்கிழமை. அதுதான் கடைசி என்று முதலாளியம்மா வாசலில் எல்லோர் கண்ணிலும் படுகிற நாள்காட்டியில் வட்டம் போட்டுவிட்டாள்.

அதற்கு முந்தின நாள், இன்சில் வந்தபோது கட்டிலில் நூடுல்ஸ் கடைப் பெண்மணி படுத்திருந்தாள். பளார் பளார். அவள் புரண்டு, தேய்ப்பு முடிந்து, எழுந்து போனதும் இன்சில் வந்து குப்புறப் படுத்தாள். போக்ஹீயின் கை சில இடங்களில் இறகாகப் போனது. முதுகு முடிந்ததும், இன்சிலின் காதருகே கட்டில் விரிப்பின்மேல் மெல்ல இரண்டு தட்டு தட்டினாள்.

இன்சில் புரளவில்லை.

“அக்கா, அவங்களுக்கு முதுகுல தட்டுனீங்க.”

“ம்.”

“எனக்கு மட்டும் எப்பவும் கட்டில்லதான் தட்டறீங்க.”

போக்ஹீ விரிப்பிலிருந்து கையை எடுத்தாள்.

“எப்பலேருந்து தெரியும்?” என்றாள் இன்சில்.

“மொத நாள்லேருந்தே. கைக்குத் தெரியும் தங்கச்சி. வீங்கின எடம் சுடும்.”

இன்சில் விரிப்பில் முகம் புதைத்தபடியே சொன்னாள்: “நாளைக்குக் கண்ணு பண்ணிக்காதீங்க அக்கா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். என்னைத் தொட்டா வலிக்காத எடம் இது ஒண்ணுதான்.”

போக்ஹீ தன்னுடைய குருட்டுத்தனத்தை இவளுக்குச் செய்கிற தயவு என்று ஏழு வருடமாக நினைத்திருந்தாள். இவளை அடிக்கிற அந்தப் பணியாரக்காரனுக்கல்லவா அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறாள்! தன்மேலேயே அருவருப்பு வந்தது.

“அப்படியே இரு” என்றாள்.

அடிகளை எண்ணாமல் கதவு வரை போனாள். தொட்டி விளிம்பில் முழங்கால் இடித்துக்கொண்டது. டப்பாவைத் திறந்து, துண்டைப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பி வந்து கட்டிலருகே நின்றாள். ஆவி படிந்தது. கட்டைவிரலால் துடைத்தாள். பார்த்தாள். மறுபடி படிந்தது. மறுபடி துடைத்துவிட்டு, பிடரியில் தொடங்கி, தேய்க்கிற அதே வரிசையில், ஓர் இடமும் தாவாமல் பார்த்துக்கொண்டே கீழே வந்தாள்.