மாஸ்டரின் கைப்பிடி உப்பு

“தராசெல்லாம் தன் கையை நம்பாதவனுக்கு. என் கைப்பிடியில ஒரு கல்லு உப்பு கூடவும் கூடாது, குறையவும் குறையாது!”

கை கழுவும் சோப்புத் திரவம் தயாரிக்கிற அந்தச் சிறு தொழிற்கூடத்தில், கலவை போடும் மாஸ்டர் இப்படி முழங்கியது, மின்தராசு வந்து இறங்கிய நாளில். முதலாளி ஆசை ஆசையாக வாங்கி வந்த தராசு. மாஸ்டரும் அதைச் சும்மா விட்டுவிடவில்லை. கலவைத் தொட்டிக்குப் பக்கத்தில், ஈரம் படாமல் தம் சாப்பாட்டுப் பையை வைக்க அதைவிடத் தோதான இடம் வேறில்லை.

அவருடைய பெருமையிலும் நியாயம் இருந்தது. சோப்புச் சரக்கைத் தண்ணீரில் கரைத்தால் அது தண்ணீர் மாதிரியேதான் ஓடும். அதைத் தேன் பதத்துக்குக் கொண்டுவருவது சாதாரண உப்பு. உள்ளே நடப்பது ஒரு குடும்பக் கதை. சோப்பு மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் தண்ணீரோடு ஒட்டி உறவாடும் தலை ஒன்று, தண்ணீரைக் கண்டாலே ஆகாத வால் ஒன்று. வால்களை உள்ளே ஒளித்து, தலைகளை வெளியே நீட்டி, உருண்டை உருண்டையாகக் கூடி உட்காரும். படித்தவர்கள் அந்த உருண்டைக்கு மைசெல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தலைகளுக்கெல்லாம் ஒரே மின்சுமை என்பதால், பாகப்பிரிவினைக்கு வந்த பங்காளிகள் மாதிரி ஒன்றையொன்று தள்ளும். உப்பு, சமாதானம் பேச வரும் பெரியப்பா. அவர் நடுவில் புகுந்தால் முறைப்பு தணியும், கூட்டம் சீக்கிரம் கூடும், நெருங்கி உட்காரும். உருண்டைகள் நீண்டு புழுக்களாகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கெட்டித்தன்மை என்பது அந்தப் பின்னல்தான். ஆனால் பெரியப்பாக்கள் அளவுக்கு மீறி வந்துவிட்டால் பின்னல் வழுக்கி, சரக்கு பழையபடி தண்ணீராகிவிடும்.

கதையின் முதல் பாதி மாஸ்டருக்குத் தண்ணீர்பட்ட பாடு. இரண்டாம் பாதி அவர் கண்ணில் பட்டதே இல்லை.

பட்டது ஓர் ஆஸ்பத்திரிக்காகக் கலக்கிய சரக்கில். அங்கிருந்து வந்த முதல் ஆர்டர், சரக்கை ஏற்ற மதியம் வண்டி வரும். இது கைவிட்டுப் போனால் பாட்டில் நிரப்பும் பிரிவை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்தப் பிரிவில் நான்கு பெண்கள். அவர்களில் ஒருத்தி மாஸ்டரின் மனைவி.

போதாக்குறைக்குக் குழாய் பழுதாகி, முந்தின நாள் லாரித் தண்ணீர் வந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்த மாஸ்டர், “லேசா கரிக்குது. என் கைக்கு முன்னால இதெல்லாம் எம்மாத்திரம்!” என்று அதற்கு அனுமதி வழங்கியிருந்தார்.

வழக்கமான கைப்பிடிகளைப் போட்டுக் கிளறினார். துடுப்பைத் தூக்கினால் சரக்கு சொட்டுச் சொட்டாக விழுந்தது. உப்பு போதவில்லை என்று இன்னொரு கைப்பிடி போட்டார். இன்னும் நீர்த்தது. மேலும் ஒன்று. மழைத்தண்ணீராய் ஓடியது.  

“என்னங்க, பாட்டிலைத் தொறந்து வச்சுட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருக்கறது?” மனைவி வந்து நின்றாள்.

“வருது, வருது.”

“சோப்பு வருதா, வெறும் தண்ணி வருதா?”

“கெட்டியாகற நேரத்துல வந்து கண்ணு வைக்காத.”





அவள் ஒரு மக்கில் சரக்கை மொண்டு சாய்த்துப் பார்த்தாள். முகம் வெளுத்தது. வேலை போகப்போகிறவளாயிற்றே! வெறுப்பில் அதைத் தரை கழுவக் கொட்டிவிடலாமென்று, தன் குடிதண்ணீர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் குலுக்கினாள்.

“என்னங்க... இங்க பாருங்க.”

மக்கைச் சாய்த்தாள். மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, சரக்கு அவசரமே இல்லாமல் நகர்ந்தது.

மாஸ்டர் மக்கைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் சேர்த்தால் கெட்டியாகிறது என்றால்...

“லாரித் தண்ணியிலயே உப்பு இருந்திருக்கு! உப்பு குறைஞ்சாலும் நீர்க்கும்போல, கூடினாலும் நீர்க்கும்போல. பாக்க ரெண்டும் ஒண்ணாவே இருக்கே!” என்று முணுமுணுத்தார்.

“அப்ப இவ்வளவு நேரமும் அள்ளி அள்ளிப் போட்டது?”

 

மாஸ்டர் குடிதண்ணீர் கேன்களைக் கொண்டுவந்து, கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் உப்பு போடாத புதுச் சரக்கு என்று மாற்றி மாற்றி ஊற்றினார். ஒரு மக்கு கூடிப்போனால் உப்பு குறைந்து மறுபடி நீர்த்துவிடுமோ, உச்சியைத் தாண்டி மலையின் மறுபக்கம் உருண்டுவிடுவோமோ என்று ஒவ்வொரு தடவையும் உயிர் போய் வந்தது. வாசலில் வண்டி ஹாரன் அடித்தபோது துடுப்பிலிருந்து தேன் மாதிரி ஒரு கயிறு இறங்கியது. நான்கு பெண்களும் பேய் பிடித்தாற்போல நிரப்பினார்கள்.

பெட்டிகள் ஏறியதும் முதலாளி மாஸ்டரின் முதுகில் தட்டினார். “கைன்னா உங்க கைதான் மாஸ்டர்! தராசு வாங்கினது என் புத்திகெட்டத்தனம்.”

மாஸ்டர் தரையைப் பார்த்தார். மனைவி மாஸ்டரைப் பார்த்தாள். முதலாளி போய்விட்டார்.

மாஸ்டர் சாப்பாட்டுப் பையைத் தராசிலிருந்து இறக்கினார். தோள்துண்டால் தட்டைத் துடைத்தார்.

“இத எங்க அமுக்கணும்?” என்றார், அவள் பக்கம் திரும்பாமலே.

அவள் வந்து அமுக்கிவிட்டாள்.

அவர் ஒரு கைப்பிடி உப்பை வைத்தார்; ஓர் எண் வந்தது. எடுத்துவிட்டு இன்னொரு கைப்பிடி, வேறோர் எண். மூன்றாவதற்கு மூன்றாவது எண்.

“மெஷின் சரியில்லையோ?”

அவள் மூடிபோட்ட பாட்டில் ஒன்றை மூன்று தடவை வைத்து எடுத்தாள். மூன்று தடவையும் ஒரே எண்.

மாஸ்டர் தம் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு அடுத்த கலவைக்கான உப்பைத் தட்டில் கொட்டி, குனிந்து எண்ணைப் பார்த்தபடி, ஒரு சிட்டிகையை எடுத்து மூட்டையில் திரும்பப் போட்டார்.