முட்டைக்குள் துடித்த புள்ளி

அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, நெஞ்சில் பேஸ்மேக்கர் மெஷின் வைத்து, கோயம்புத்தூரிலிருந்து ஊட்டி பெர்ன்ஹில் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, ஆள் பிழைத்துவிட்டார் என்று நானும் அம்மாவும் நிம்மதியாக இருந்தோம். அவர் அப்படி நினைக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது.

ஊட்டி மார்க்கெட்டில் கம்பளியும் ஸ்வெட்டரும் விற்ற மனிதர். வாங்க வந்தவர்களைவிடப் பேச வந்தவர்கள்தான் அவர் கடையில் அதிகம். அப்படிப்பட்டவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டைக்குமேல் கையை வைத்து, எதையோ கேட்டுக்கொண்டிருப்பவர்போல இருந்தார். என் போன் பக்கத்தில் வந்தால் நகர்ந்துகொள்வார். மெஷினுக்கு ஆகாதாம்.

ஒருநாள் ஸ்கூலிலிருந்து வந்த என்னைக் கூப்பிட்டார். நான் உயிரியல் டீச்சர்.

"ஏம்மா, உசிருள்ளது, உசிரில்லாததுன்னு பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கறயே. மெஷின் தட்டி விட்டு ஓடற நெஞ்சு உசிரா, கடிகாரமா?"

"என்னங்கத்தா இப்படிக் கேக்கறீங்க."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. சாப்பிடும், மூச்சு விடும், வளரும், தன்னைப்போல இன்னொன்றை உண்டாக்கும் என்று வருஷாவருஷம் போர்டில் எழுதிப்போடுகிற நான், காபி போடப் போய்விட்டேன்.

வீட்டுக்குப் பின்னால், சாய்ப்புக் கூரைக்குக் கீழே ஒரு கூடையில், எங்கள் கோழி ஒன்று முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நல்ல மழை, வேலி தாண்டி வந்த நாய் ஒன்று அதைத் துரத்திவிட்டது. கோழி கத்திக்கொண்டே பறந்து சரிவில் தேயிலைக்குள் போய் மறைந்தது. நாங்கள் அப்போது முன்பக்கம் இருந்தோம்; பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள் பிறகுதான் சொன்னார்கள். அம்மா பின்னால் போய்ப் பார்த்தபோது கூடை சாய்ந்து கிடந்தது.

"ஏனுங்க, கோழியைக் காணோம். முட்டையெல்லாம் சில்லுனு கெடக்குதுங்க."

அத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தூக்கிப் போட்டுரு. இனி அதுல என்ன இருக்கு."

எனக்கு மனசு கேட்கவில்லை. முட்டைகளைத் துடைத்து, பழைய ஸ்வெட்டரில் சுற்றி, வெந்நீர்ப் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்சநேரம் கழித்து ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தி, போன் டார்ச்சைப் போட்டு, ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குமேல் பிடித்துப் பார்த்தேன். முதல் முட்டையில் ஒன்றுமில்லை, வெறும் மஞ்சள் வெளிச்சம். அடுத்ததில் சிவப்பு ரத்தக்குழாய்கள் மெல்லிய வேர்மாதிரி பரவியிருந்தன. அவை வந்து சேரும் இடத்தில் ஒரு கரும்புள்ளி. அசையவில்லை. அவ்வளவுதான் என்று கீழே வைக்கப் போனவள், எதற்கோ இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தேன். புள்ளி துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.

"அத்தா, இங்க வாங்க."

வாசலில் வந்து நின்றார். "போன் இருக்கே."

"உங்க பக்கம் கொண்டு வரல. தள்ளி நின்னே பாருங்க."

குனிந்து பார்த்தார். பிறகு, "துடிக்குது," என்றார்.

"ஆமாங்கத்தா."

"கண்ணு, மூக்கெல்லாம் வந்துருச்சா?"

"இப்பத்தான் வந்துட்டிருக்கு. நெஞ்சு அதுக்கெல்லாம் முன்னாடியே துடிக்க ஆரம்பிச்சுரும்."

"யாரு தட்டி விட்டது?"

"யாரும் தட்டி விடறதில்லை. அந்தத் தசையில ஒவ்வொரு செல்லும் தானா சுருங்கும். பக்கத்துச் செல்லோட ஒட்டினதும் ரெண்டும் சேர்ந்து சுருங்கும். அப்படியே எல்லாம் ஒண்ணாச் சேர்ந்துக்கும்."

"அந்தச் செல்லு எங்கிருந்து வந்துச்சு?"

"கோழிகிட்ட இருந்து. கோழிக்கு அதோட தாய்க்கிட்ட இருந்து. அப்படியே போயிட்டே இருந்தா, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி, உசிரில்லாத ஏதோ ஒண்ணுல ஆரம்பிச்சிருக்கணும்னு சொல்றாங்க. எப்படின்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. ஆனா ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அறுந்து போகாம வந்துட்டே இருக்கு."

"ஆரம்பிச்சு வெச்சவன் அல்லா," என்றார். நான் தலையாட்டினேன். சட்டைக்குமேல் கையை வைத்துக் கேட்டார்: "அப்ப எனக்குள்ள இருக்கறதும் இதே தசைதானா?"

"அதேதானுங்கத்தா. மெஷின் உங்க நெஞ்சைச் சுருக்கறதில்லை. நெஞ்சு துடிக்க மறக்கற நேரத்துல அது ஒரு சின்ன ஞாபகப்படுத்தல், அவ்வளவுதான். சுருங்கறது உங்க தசை. செத்த தசைக்கு எத்தனை மின்சாரம் குடுத்தாலும் சுருங்கிட்டே இருக்காது."

அன்று மதியம் மழை விட்டதும், கோழி ஒன்றும் நடக்காததுபோலச் சரிவேறித் தானாகவே நடந்து வந்தது. உடம்பெல்லாம் நனைந்திருந்தது. அம்மா துணியால் ஒற்றி, கூடையை வீட்டுக்குள் கொண்டுவந்து, முட்டைகளைத் திரும்ப அதில் வைத்தாள். அது முட்டைகள்மேல் உட்கார்ந்து, காலால் ஒருமுறை அடுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

அடுத்த வாரம் செக்கப்புக்காகக் கோயம்புத்தூர் போனோம். டாக்டர் கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெஷின் பெரும்பாலும் சும்மாத்தான் இருக்குதுங்க. எப்பவாவதுதான் வேலை பாக்குது."

"மத்த நேரமெல்லாம்?"

"உங்க இதயமே பாத்துக்குது."

அத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். திரும்பி வரும் பஸ்ஸில், மேட்டுப்பாளையம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவர் அப்படி அசந்து தூங்கி நான் பார்க்கவில்லை. குன்னூரில் குளிர் ஏறியதும் என் சால்வையை அவர்மேல் போட்டேன். தோள் வலித்தது, ஆனாலும் எழுப்பவில்லை.

குஞ்சுகள் பொரிந்த காலையில் அத்தாதான் முதலில் சத்தம் கேட்டு எழுந்தவர். நான் போனபோது கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் ஈரம் காயாத ஒன்றை உள்ளங்கையில் வைத்திருந்தார்.

"என்னா சூடு," என்றார்.

இரண்டு முட்டை மட்டும் திறக்கவில்லை. ஒன்று கூமுட்டை. இன்னொன்றைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, "பாதி வழி வந்துருக்கு, பாவம்," என்று சொல்லி, பேரி மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார்.

கை கழுவி வந்ததும் லேண்ட்லைனில் மார்க்கெட் கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். குஞ்சுகளைப் பற்றி ஆரம்பித்து, உருளைக்கிழங்கு விலைக்குப் போய், யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து நின்றது பேச்சு. சமையலறைவரை கேட்டது. தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தோசை ஆறிடும், கூப்பிடட்டுமா?" என்றேன்.

"இருக்கட்டும்," என்றாள். "பேசட்டும்."