அம்மா ருசி பார்க்காத காக்டெயில்

காக்டெயில் கலக்குகிறவளுக்குக் கை நடுங்கக் கூடாது, நாக்கு பொய் சொல்லக் கூடாது, முக்கியமாக, கலக்குகிற வீட்டில் அம்மா இருக்கக் கூடாது. முதல் இரண்டும் எனக்குப் பழகப் பழக வந்துவிட்டன. மூன்றாவதற்கு வழியே இல்லை, ஏனென்றால் நான் கலக்கிய சமையலறையே அவளுடையது.

என் பெயர் ஷீலா, வீடு ராயபுரம். கேட்டரிங் படித்துவிட்டு ஒரு பெரிய ஹோட்டலின் விருந்து ஹாலில் தட்டு தூக்கிக்கொண்டிருந்தேன். சொகுசுக் கப்பல் ஒன்றில் பார்டெண்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் மனு போட்டேன், கூப்பிட்டுவிட்டார்கள்! பரீட்சை வீடியோவில். உலகமெல்லாம் தெரிந்த பழைய காக்டெயில்களில் எதை வேண்டுமானாலும் கேட்பார்கள், வீட்டிலிருந்தே கலக்கிக் காட்ட வேண்டும். தேறினால் கப்பல், தேறாவிட்டால் பழையபடி தட்டு.

அந்தச் செய்தி வந்தபோது நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்பாவுக்கும் அதே குஷி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், இத்தனை வருஷமாகக் கப்பலை வெளியிலிருந்தே பார்த்தவர், மகள் உள்ளே போகப் போகிறாள் என்றால் சும்மாவா? ருசி பார்க்கிற வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பழக்கத்துக்கு வேண்டிய பாட்டில்களையும் கப்பல்காரத் தோஸ்துகளிடம் சொல்லி வரவழைத்துவிட்டார். அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. வீட்டில் இருந்துகொண்டே பரீட்சைக்குத் தயாரான யாருக்கும் நான் அன்று கேட்ட குரல் தெரிந்திருக்கும்.

"பொம்பளப் புள்ள பார்ல நின்னு குடிகாரனுங்களுக்கு ஊத்திக் குடுக்கறதா? வூட்ல கலக்கிக்க, வாணாங்கல. ஆனா நான் ஒரு சொட்டுகூட வாயில வெக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

ஐஸில் வந்த வாசனை

மார்ட்டினிக்கு ஐஸ் நிறைய வேண்டும். எங்கள் ஃபிரிட்ஜ் ட்ரேயில் உறைகிற ஐஸ் ஒரு கிளாஸ் ஜூஸுக்குக்கூடப் பற்றாது. பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறவர். என் கவலையைக் கேட்டதும், "ஐஸ்க்கா இம்மா பேஜாரு?" என்று சிரித்துவிட்டு, மறுநாள் அன்னக்கூடையில் ஒரு பாளத்தையே கொண்டுவந்து இறக்கினார். கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் சுத்தியலை எடுத்து அங்கேயே உடைக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஜின், வெர்முத் என்கிற மூலிகை வைன், இரண்டையும் அந்த ஐஸில் பதமாகக் கலக்கி வடிகட்டி, எலுமிச்சைத் தோலை மேலே பிழிந்து அப்பாவிடம் நீட்டினேன். அந்த ஐஸ் பேக்டரியிலிருந்து நேராக வரவில்லை, வஞ்சிரத்தோடு ஒரே பெட்டியில் ராத்தங்கிவிட்டு வந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அப்பா ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி யோசித்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"ஷீலா, இதுல முள்ளு எடுத்துட்டியாம்மா?"

டாக்டர் இல்லாத வியாதி

பார்டெண்டருக்கு அளவு கையில் இருக்க வேண்டும். பாட்டிலைக் கவிழ்த்து மனசுக்குள் நாலு வரை எண்ணி நிமிர்த்தினால் சரியான அளவு விழுந்திருக்க வேண்டும். இதைச் சாராயத்தில் பழகினால் சொத்து அழிந்துவிடும். காலி ரம் பாட்டிலில் பச்சைத் தண்ணீரை நிரப்பி, ஊற்றுவேன், அளப்பேன், திரும்பப் பாட்டிலில் ஊற்றுவேன். சரியாக விழுந்துவிட்டால் கையைத் தட்டிக்கொண்டு நானே சிரிப்பேன்.

எங்கள் ஜன்னலும் செல்வி அக்கா ஜன்னலும் எதிரெதிர். ஒரு மத்தியானம் முழுக்க அவர் இதைப் பார்த்திருக்கிறார். புள்ள ரம்மும் கையுமாக உட்கார்ந்து தனியாகச் சிரிக்கிறாள் என்று அம்மாவிடம் ஓடிவந்து சொல்ல, இரண்டு பேரும் சேர்ந்து என் மேல் பாய்ந்தார்கள். அம்மா கிளாஸைப் பிடுங்கி மோந்து பார்த்து, தண்ணீர்தான் என்று தெரிந்து, தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள். செல்வி அக்கா முகம்தான் இன்னும் வாடிப்போனது.

"குடிச்சிருந்தாகூட இட்டுகினு போயி காட்ட ஒரு டாக்டர் கீறாரு. இதுக்கு எங்க போறது?"

அப்பாவின் ஒரே மடக்கு

நல்ல ஐஸ் கிடைத்ததும் (தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி நானே டப்பாக்களில் உறையவைத்தேன்) மறுபடியும் மார்ட்டினி. இந்த முறை அற்புதமாக வந்தது! சில்லென்று, சுத்தமாக, எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. இதைத் துளித்துளியாகக் குடிக்க வேண்டும், பேசிக்கொண்டே குடிக்க வேண்டும் என்றெல்லாம் அப்பாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவரும் பயபக்தியாகத் தலையாட்டினார். ஒரு குவார்ட்டரை இரண்டு பேர் நின்றபடியே பங்குபோட்டு முடித்துவிட்டுப் போகிற ஊரில் வளர்ந்த மனிதர் அவர். நான் ஆலிவ் டப்பாவை மூடிவிட்டுத் திரும்பும்போது கிளாஸ் காலி, கையில் ஊறுகாய்.

எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டேன்.

"ட்ரைலர் சூப்பரா கீதும்மா. படம் எப்போ போடுவ?"

முட்டை நுரை

விஸ்கி சோர் என்கிற புளிப்புக் காக்டெயிலில் முட்டையின் வெள்ளைக் கரு சேரும். முதலில் ஐஸ் இல்லாமல் குலுக்க வேண்டும், பிறகு ஐஸ் போட்டுக் குலுக்க வேண்டும். எத்தனையோ முறை குலுக்கியும் எனக்கு நுரை நிற்கவில்லை. ஒரு சாயங்காலம் நின்றது! கிளாஸின் மேல் இரண்டு விரல் உயரத்துக்கு, வெல்வெட் மாதிரி, அசையாமல் நின்றது. நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடிவந்துவிட்டாள். கிளாஸைக் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினேன். பார்த்தாள், கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"அந்த மஞ்சக் கருவைக் கொட்டிடாத, ஆம்லெட்டுக்கு ஆவும்."

சாம்பல் புதன்

இப்படிக் களைகட்டி வரும்போது சாம்பல் புதன் வந்துவிட்டது. எங்கள் தெருவில் தவக்காலம் என்றால் சும்மா இல்லை. ஆளுக்கொன்றை ஒறுத்தலாக விடுவார்கள், ஈஸ்டர் வரை தொட மாட்டார்கள். அம்மா மீனும் டீயும் விட்டாள். அப்பா வருஷா வருஷம் குடியை விடுவார், அதில் மட்டும் அவரை அசைக்க முடியாது. என் பரீட்சையோ தவக்காலத்தின் நட்டநடுவில்! தொழிலில் இருக்கிறவர்கள் நினைத்துப் பாருங்கள், இருந்த ஒரே வாடிக்கையாளரும் நெற்றியில் சாம்பலோடு வந்து ராஜினாமா செய்கிறார்.

ஆனால் மனுஷன் என்னைக் கைவிடவில்லை. நீக்ரோனி என்கிற கசப்புக் காக்டெயிலைக் கலக்கி மேஜையில் வைத்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குனிந்து, நன்றாக இழுத்து மோந்து பார்த்து, ஆரஞ்சுத் தோல் வாசனை பற்றவில்லை என்றார். சரியாகவும் இருந்தது. அம்மா முறைத்தாள். அப்பா நிமிராமலே பதில் சொன்னார்:

"நான் வாயைத்தான் கட்னேன், மூக்கைக் கட்லியே."

மூன்றாவது கிளாஸ்

பரீட்சை நாள். மிக்ஸி மேல் லேப்டாப், அதற்குள் கப்பல் கம்பெனியின் மும்பை அதிகாரி. சிரிக்கவே சிரிக்காத முகம். முதலில் ஓல்ட் ஃபேஷன்ட் கேட்டார், பிறகு நீக்ரோனி. கை நடுங்கவில்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை. மனசுக்குள் கப்பல் கிளம்பியே விட்டது! மூன்றாவதாக டாக்கிரி கேட்டார். வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, அவ்வளவுதான். குலுக்கி வடித்து நீட்டினேன்.

"என்னால் இங்கிருந்து ருசி பார்க்க முடியாது. வீட்டில் யாராவது குடித்துச் சொல்லட்டும், நீ எனக்கு மொழிபெயர்த்துச் சொல்" என்றார் ஆங்கிலத்தில்.

அப்பா கதவோரம் இரண்டு கையையும் கூப்பினார், மகளுக்காகக்கூட ஒறுத்தலை முறிக்க மாட்டார். செல்வி அக்கா காசிமேட்டில். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் அம்மாவைப் பார்த்தேன், வாயைத் திறந்து கேட்கத் தைரியம் வரவில்லை. அவளே முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நான் மீனையும் டீயையும்தான் வுட்டேன். இது என்னிக்கும் தொட்டதே இல்ல, வுட்டாதானே முறிக்கறதுக்கு? குடு இப்டி."

ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கிவிட்டது. "இன்னாடி, புளிப்பு தூக்கலா கீது. பல்லு கூசுது."

அப்போதுதான் உறைத்தது. பரிமாறும் முன் ஸ்ட்ராவில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பது தொழிலின் அரிச்சுவடி. அவசரத்தில் அதை மறந்துவிட்டேன், இப்போது வைத்துப் பார்த்தால் அம்மா சொன்னதுதான் சரி. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. பிரமாதம் என்று சொல்லிவிடலாம், சொல்லத்தான் நாக்கும் கிளம்பியது. ஆனால் முதல் முறையாக என் பக்கம் வந்து நிற்கிற அம்மாவின் வார்த்தையை மாற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புளிப்பு அதிகம் என்கிறார், அவர் சொல்வது சரி, வேறு கலக்கித் தரட்டுமா என்று கேட்டேன். அதிகாரி தலையசைத்தார்.

புது ஐஸ், பாகு கொஞ்சம் கூட. ஸ்ட்ராவில் பார்த்தேன், ருசி சரியாக நின்றது. அம்மா வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு வாய். அம்மா என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். "எதுவும் சொல்லவில்லை சார், குடித்துக்கொண்டிருக்கிறார்" என்றேன். அம்மா காலி கிளாஸைக் கவிழ்த்து மேஜையில் வைத்தாள். அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்தார்! சிரித்துக்கொண்டே, கப்பலுக்குத் தயாராகு என்றார். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார், நான் அழுதேன், லேப்டாப் மூடினதுகூட எனக்குத் தெரியாது. அம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தினி நாளா நீ ஊத்திக் குடுக்கப் போறேன்னு நெனச்சிகினு கீறேன். நீ சமைக்கத்தாண்டி போற."

மார்க் போட்டது மும்பைக்காரர், பாஸானது நான், ஆனால் தெருவெல்லாம் நிறுத்திப் பாராட்டுவது என்னவோ, தனக்கு இந்தக் கருமாந்திரத்தின் ருசியே தெரியாது என்று இன்றைக்கும் சாதிக்கிற என் அம்மாவைத்தான்.