ரேடியோவில் வராத பதில்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லிப் பிழைத்தவர் கிடையாது.

1974. எங்கள் உப்பளம் பகுதியில் ஒரு தெருவில் வாந்திபேதி வந்து ஏழு பேர் இறந்தார்கள். பாசி பிடித்துப் பூட்டிக் கிடந்த குடிநீர்த் தொட்டியை யாரோ திறந்துவிட்டதுதான் காரணம். நகரசபையில் தண்ணீர்ப் பொறுப்பு என் அண்ணன் சவரிராயனிடம் இருந்தது. பழி அவர் மேல் விழுந்தது.

வானொலிக்காக நகரப் பிரச்சினைகளைப் பற்றிப் பேட்டி எடுக்கும் ஜானகிராமன் அவரை அழைத்தார். வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு முடிந்து வந்த அண்ணன், செருப்பைக்கூடக் கழற்றாமல் தன் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தார்.

"பேரச் சொல்லிட்டேன்டா. புதன்கிழமை போடறாங்க. ஊரே கேக்கட்டும்."

"யாருண்ணே அது?"

"ரேடியோவுல கேளேன். நடுவுல நீ குறுக்க பேசினதுதான் தொல்ல!"

சிரித்தார். அன்று முழுக்க நான் வீட்டைவிட்டு நகரவே இல்லை. சும்மா சீண்டுகிறார் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு விடியலில் நெஞ்சடைத்துப் போய்விட்டார்.

கல்லறைக்குக் கொண்டுபோகும் வழியில் ஒருத்தி கத்தினாள்: "அந்தத் தொட்டித் தண்ணியத் தெளிச்சுப் பொதைங்க!"

நான் தலை குனியவில்லை. ஆனால் அதன் பிறகு எங்கள் வாசற்படியை யாரும் மிதிக்கவில்லை. புதன்கிழமையைத்தான் நம்பியிருந்தேன்.

புதன். மாலை ஆறே முக்கால். இருட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவு பெரிய வீட்டில் நான் ஒருவன். ரேடியோவின் மஞ்சள் வெளிச்சம் மட்டும்.

அண்ணன் பேசினார். நிமிர்ந்த குரல். கடைசியில் ஜானகிராமன் கேட்டார்:

"தொட்டியைத் திறந்தது யார்?"

ரேடியோவில் பதில் இல்லை. உஸ்ஸ்... என்ற இரைச்சல்.

என் முதுகுக்குப் பின்னால்... க்ரீச்...

பிரம்பு நாற்காலி.

"தொறக்காதீங்கன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன். கேக்காம தொறந்தது யாருன்னா..."

அண்ணன் குரல். ரேடியோவில் அல்ல.

கூடத்தில்.

என் கழுத்து திரும்பவில்லை.

"அண்ணே... வெளக்கு போடட்டுமா?"

சத்தமில்லை.

சுவிட்சைத் தட்டினேன்.

நாற்காலி காலி.

"நன்றி ஐயா" என்றது ரேடியோ.

ஊர் கேட்டது அவ்வளவுதான். கேள்வி, மௌனம், நன்றி. பதில் சொல்ல வாயில்லை என்று மறுநாள் தெருவே சிரித்தது.

நேரே வானொலி நிலையத்துக்குப் போனேன். "எங்க அண்ணன் பதில ஏன் வெட்டினீங்க?"

ஜானகிராமன் தயங்கினார். "நடுவுல இன்னொருத்தர் குரல் விழுந்துடுச்சு ஐயா. அறையில நாங்க ரெண்டே பேருதான். எப்படின்னு புரியல. அவசரத்துல வெட்டினேன், கேள்வியும் கடைசி இரைச்சலும் தங்கிப்போச்சு."

வெட்டிய நாடாத் துண்டை ஓடவிட்டார்.

"...கேக்காம தொறந்தது யாருன்னா..."

கூடத்தில் கேட்ட அதே சொற்கள். பிறகு...

"அண்ணே... வெளக்கு போடட்டுமா?"

என் குரல். அண்ணன் உயிரோடிருந்த வெள்ளிக்கிழமை பதிவானது.

அதற்கு அண்ணன் சொன்ன மறுமொழியும் அதில் இருந்தது. வீட்டில் என் காதில் விழாதது.

"போடாதடா. பேரச் சொல்லிடறேன்."

அதன் பிறகு வெறும் இரைச்சல்.

"பேரு?" என்றேன்.

"உதடு அசைஞ்சுது ஐயா. எதிர்ல உக்காந்திருந்த எனக்கே சத்தம் வரல."

அந்தப் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. நாற்காலியை நான் நகர்த்தவில்லை. மாலையில் எங்கள் கூடத்தில் விளக்குப் போடுவதில்லை.

வாயும் திறப்பதில்லை.